வாயாடிக்கு ஏழு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஊரே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இரண்டாம் தூக்கம் போடும் நேரம். தராசக்கா மட்டும் சமையலறை மேசையில் கணினியைத் திறந்துவைத்து, நேற்று மாலையே எண்ணி அறிவித்துவிட்ட வாக்குகளை மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்படி எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எண்ணினாள் என்பதற்காக யாரும் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடப்போவதும் இல்லை.

வேலை அப்படிப் பழக்கிவிட்டது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருஷமாக நுண்ணோக்கிக்குள் குனிந்து அணுக்களை எண்ணுகிறவள் அவள். இயந்திரம் எண்ணிவிட்டுச் சந்தேகப்படுவதையெல்லாம் அவள் தலையில்தான் கட்டுவார்கள். "ஒரு தடவ எண்ணினா அதுக்குப் பேரு எண்ணிக்கை இல்ல, அபிப்பிராயம்" என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களைப் படுத்தி எடுத்தே அந்தப் பட்டப்பெயரை வாங்கினாள். இணையத்திலும் அதே பெயர்தான். தராசு. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் தராசக்கா என்பார்கள்.

இணையத்தில் ஒரு கூட்டம் 'ஊரும் ஓநாயும்' என்று ஓர் ஆட்டம் ஆடுகிறது. ஆடுகிறவர்களில் மூன்று பேர் ரகசிய ஓநாய்கள், மற்றவர்கள் ஊரார். யார் எது என்பது நடத்துகிறவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் மதியத்திலிருந்து எழுதியெழுதிச் சண்டை போடுவார்கள், சத்தியம் செய்வார்கள், வாய்கூசாமல் பொய் சொல்வார்கள். மாலை ஆறு மணிக்குள் ஆளுக்கொரு வாக்குப் போட வேண்டும். அதிகம் வாங்கியவர் வெளியே. வெளியே போனவர் ஒரு கடைசி வரி எழுதலாம். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை, அது பத்து நாளோ பதினைந்து நாளோ, ஓர் எழுத்து எழுதக் கூடாது. அவர் ஓநாயா ஊராரா என்பது மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் திறக்கும்போதுதான் தெரியவரும்.

நடத்துகிறவர் பெயர் தலையாரி. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ரகசியம் காப்பதும் சண்டையை விலக்குவதுமே அவருக்குத் தலைக்குமேல் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு பதிவு வருகிற இடத்தில் யார் யாருக்குப் போட்டார், யார் மாற்றினார் என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? அதற்குத்தான் எண்ணிக் கொடுக்கும் தன்னார்வலர்கள். மூன்று வருஷமாக அந்த வேலையைத் தராசக்கா செய்கிறாள். விதிகள் ரொம்பச் சின்னவை. வாக்கு தனி வரியில், தடித்த எழுத்தில் இருக்கவேண்டும். மாற்ற நினைத்தால் முதலில் 'வாபஸ்' என்று எழுதவேண்டும், அப்புறம்தான் புது வாக்கு. இந்த 'வாபஸ்' விஷயத்தில் அவள் ஒற்றைக்காலில் நிற்பாள். எழுத மறந்துவிட்டு வந்து கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்காவது விட்டுக்கொடுத்தாளா என்றால் இல்லை.

நேற்று மிச்சமிருந்தது பதின்மூன்று பேர். வாக்கெல்லாம் இரண்டே பேர் மேல் விழுந்தது. கடப்பாரைக்கு ஏழு, வாயாடிக்கு ஆறு. கடப்பாரை வெளியே போனார்.

இப்போது இருநூற்றுப் பதினான்காம் பதிவில் அவள் கை நின்றுவிட்டது. மறுபடி மேலே போனாள், கீழே வந்தாள்.

சுண்டெலி என்கிற ஆட்டக்காரர் ஆட்டம் திறந்ததுமே கடப்பாரைக்கு வாக்குப் போட்டார். நாலு மணிக்கு முறையாக வாபஸ் வாங்கி, வாயாடிக்கு மாற்றினார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஐந்து ஐம்பதுக்கு, தான் ஏன் மனசு மாறினேன் என்று விளக்கம் கொடுக்க வந்து, தன் பழைய பதிவையே மேற்கோள் பெட்டிக்குள் எடுத்துப் போட்டிருக்கிறார். பெட்டிக்குள் அந்தப் பழைய வாக்கு, அதே தடித்த எழுத்தில். கணினியில் பார்த்தால் சாம்பல் நிறப் பெட்டி பளிச்சென்று தெரிகிறது. நேற்று அவள் பார்த்தது வேலையிடத்தில், சோதனைக் குழாய்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்த கைபேசியில். அதில் பெட்டியின் கோடு முடியளவுதான் தெரியும். மேற்கோளைப் புது வாக்கு என்று எடுத்து, சுண்டெலியை மறுபடியும் கடப்பாரை பக்கம் தூக்கிப் போட்டுவிட்டாள். நடுவில் 'வாபஸ்' இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அதுவும் யார்? அவள்!

சரியாக எண்ணினால் கடப்பாரைக்கு ஆறு, வாயாடிக்கு ஏழு. வெளியே போகவேண்டியது வாயாடி.

வாயாடி அவளுடைய தம்பி. பக்கத்து அறையில் இருக்கிறான்.

தம்பி காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் போட்டவன். விடியற்காலையில் மூட்டைகளின் மேல் ஏறி நின்று அவன் குரல் கொடுத்தால் மூன்றாவது தெருவில் நிற்கும் லாரி ஓட்டுநரும் திரும்பிப் பார்ப்பார். கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்றால், சந்தையைக் கட்டிக்கொண்டாயிற்று என்பான். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கடகடவென்று வருவான், வந்து நிறுத்துவான். மூன்றாம் தரம் சொல்லுமுன் அவன் விடும் அந்த இடைவெளிக்குச் சந்தையில் பெயரே உண்டு. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாராவது கை தூக்குகிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். ஒருவரும் தூக்கவில்லையென்றால் மூணு தரம் என்று சொல்லி உள்ளங்கையால் பலகையில் ஓர் அடி. அவ்வளவுதான், சரக்கு போயிற்று.

ஆறு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தான். கழுத்துத் துவாரத்தில் மூச்சு விடுகிறான், சாப்பிடுகிறான், நடக்கிறான். குரல் மட்டும் போயிற்று. கழுத்தில் அழுத்திவைத்துப் பேசுவதற்குச் சின்ன டார்ச் மாதிரி ஒரு கருவி கொடுத்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள் முதல் நாள் அதை அவன் கழுத்தில் வைத்து ஒரு சொல் சொல்லவைத்தார். மாவு மில் ஓடுவதுபோல ஒரே சுருதியில் ஒரு சத்தம் வந்தது. தம்பி அதைக் கேட்டான், அணைத்தான், பெட்டிக்குள் வைத்தான். அன்றோடு சரி. "பழகாம விட்டா வாயசைவு மறந்துபோயிடும்மா" என்று அந்த அம்மாள் அக்காவிடம் தனியாகச் சொன்னார். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஐந்து மாதம் அந்தச் சுவரைத்தான் பார்த்தான். எழுதிக் காட்டக் கொடுத்த பலகையில் 'ம்' என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

கடைசியில் வேறு வழி தெரியாமல்தான் இந்த ஆட்டத்தில் சேர்த்துவிட்டாள். கேலியாகப் பார்த்துவிட்டு, 'வாயாடி' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போனான். முதல் நாளே தொண்ணூறு பதிவு! சேர்த்துவைத்திருந்த பேச்செல்லாம் மடை திறந்து வந்தது. அவனுக்குக் குரல் இல்லை என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தலையாரிக்கு மட்டும் அவள் சொல்லியிருந்தாள், அவன் தன் தம்பி என்பதையும் சேர்த்து.

அவன் ஆட்டத்தை விட்டு வெளியே போனால் மறுபடியும் சுவர்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தலையாரியைக் கைபேசியில் அழைத்தாள். அவர் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தார், பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"நான் தப்பா எண்ணிட்டேன்" என்றாள் எடுத்த எடுப்பில். விவரத்தைச் சொன்னாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"சுண்டெலி?"

"அவரே பாக்கல போல."

தலையாரி மெதுவாகச் சொன்னார். "அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இது விளையாட்டு. யாரும் கோர்ட்டுக்குப் போகப் போறதில்ல. உங்க தம்பி நெலம எனக்குத் தெரியும். பதினஞ்சு நாளு அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? விட்டுருங்க. நானும் மறந்துடறேன்."

அந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டு வைத்திருப்பாள். ஒரு நிமிஷம் அவளுக்கும் ஆசை வந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. பெரிய நியாயவாதி என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி ஐந்து மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைப் பார்த்தவள் அவள்.

அப்போதுதான் திரையில் கடப்பாரையின் கடைசி வரி கண்ணில் பட்டது. நேற்று வெளியே போகும்போது அவர் எழுதியது. 'தராசு எண்ணினா நான் எதுக்குத் திரும்ப எண்ணணும்? போயிட்டு வரேன் மக்களே.'

அவர் யாரோ எவரோ. முகம் தெரியாது, ஊர் தெரியாது. பதின்மூன்று பேர் ஆடுகிற ஆட்டத்தில் தன்னை வெளியே தள்ளிய எண்ணை அவர் சரிபார்க்கவே இல்லை, அவளை நம்பினார். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"மாத்தித்தான் ஆகணும்" என்றாள்.

"யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. தப்பு என்னோடது. பன்னெண்டு மணிக்கு முன்னாடி நானே எழுதறேன். நீங்க கடப்பாரைக்குக் கதவத் திறந்து விடுங்க."

"தம்பிகிட்ட முன்னாடியே சொல்லிடுவீங்களா?"

"எப்படிச் சொல்றது? எண்ணுறவ ஆட்டக்காரங்ககிட்ட ஆட்டத்தப் பத்திப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே விதி போட்டீங்க?"

தலையாரி பெருமூச்சு விட்டார். "என் விதிய எனக்கே படிச்சுக் காட்டறீங்க. சரி, எழுதுங்க."

அவள் கைபேசியை வைப்பதற்கும் தம்பி அறையிலிருந்து வருவதற்கும் சரியாக இருந்தது. தலை வாரியிருந்தான், சலவைச் சட்டை போட்டிருந்தான். ஐந்து மாதம் அழுக்குச் சட்டையோடு கிடந்தவன், இந்த ஆட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறான்! டம்ளரில் தேநீரை எடுத்துக்கொண்டு, பலகையில் ஒரு வரி எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். 'பன்னெண்டு மணிக்குப் பாரு. சுண்டெலியக் கிழிச்சுத் தோரணம் கட்டறேன்.'

"ம்" என்றாள் அவள். அவன் கண்ணடித்துவிட்டு உள்ளே போனான்.

ஒன்பது நாற்பதுக்கு எழுதினாள். சுற்றிவளைக்கவில்லை. 'நேற்றைய எண்ணிக்கையில் பிழை. செய்தது நான். பதிவு 214இல் இருப்பது மேற்கோள், புது வாக்கு அல்ல. திருத்திய கணக்கு: வாயாடி ஏழு, கடப்பாரை ஆறு. வெளியேறுபவர் வாயாடி. கடப்பாரையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' எழுத்துக்கு எழுத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தொடர்ந்து கேட்டது. பிறகு பாதி வாக்கியத்தில் நிற்பதுபோல் நின்றது.

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அலமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து அறையும் சத்தம் கேட்டது. ஏதோ கீழே விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

அந்த 'ஒன்றுமே இல்லை'யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. ஆட்டம் திறக்காத நேரத்து அரட்டைப் பக்கத்தில் எல்லோரும் அவளைத்தான் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 'மூணு வருஷத்துல முதல் தப்பு, மன்னிச்சு விடுங்கப்பா' என்றார் ஒருவர். 'மொபைல்ல எண்ணுனா இப்படித்தான்' என்றார் இன்னொருவர். வாயாடியின் கடைசி வரிக்காகத் தலையாரி இடம் விட்டுக் காத்திருந்தார். அந்த இடம் காலியாகவே இருந்தது. அவள் இரண்டு தடவை எழுந்து கதவருகே போனாள், இரண்டு தடவையும் திரும்பி வந்தாள். போய் என்ன சொல்வது? விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று அவன் கேட்டால், முடியாதுடா என்பதுதான் பதில். அதைச் சொல்லக் கதவைத் தட்டவேண்டுமா? கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள். பாவி, என் கையாலேயே அவன் வாயை அடைத்துவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது.

தம்பி சமையலறை வாசலில் நின்றான். சட்டைப் பித்தான் மேலே இரண்டு கழன்றிருந்தது. முகம் சிவந்திருந்தது, மூக்கு நுனியில் கோபம். கையில் அந்தக் கருவி. அதன் வாலில் மின்னேற்றும் கம்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக இழுப்பறையெல்லாம் கவிழ்த்துத் தேடி, செத்துக்கிடந்த அந்தக் கருவிக்கு உயிர் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

கழுத்தில் வைத்து அழுத்தினான். கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. இடத்தை மாற்றி வைத்தான். மறுபடியும் கரகர. பல்லைக் கடித்துக்கொண்டு தாடைக்குக் கீழே ஓர் இடத்தில் குத்துவதுபோல வைத்தான்.

"தி... ரும்... ப... எண்ணு."

மாவு மில் சத்தம்தான். ஆனால் சொல் புரிந்தது. அழக் கூடாது என்று கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள். இப்போது அழுதால் அவன் கூச்சப்பட்டு அதைப் பெட்டிக்குள் போட்டுவிடுவான், அவளுக்குத் தெரியும்.

"என்ன? சரியாக் கேக்கல" என்றாள் முறைப்பாக.

"திரும்ப எண்ணு! சுண்... டெலி... வாபஸ் வாங்கவே இல்ல."

"வாங்கினார். நூத்தி எம்பத்தெட்டு."

"பொய்."

"யார்றா பொய் சொல்றது? நானா? வா, உக்காரு. முதல்லேருந்து எண்ணலாம். ஆனா ஒண்ணு, தப்புப் பண்ணின கண்ணு என்னோடது. இப்ப நீ படி, நான் சீட்டப் போடறேன். சத்தமாப் படிக்கணும்."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த லேபிள் தாளைக் கிழித்துப் பதின்மூன்று பெயரை எழுதினாள். இரண்டு தேநீர் டம்ளர்களைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள், ஒன்று கடப்பாரைக்கு, ஒன்று வாயாடிக்கு. அவன் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

"பதிவு... ஒம்பது. அரக்கண்ணு. கடப்பாரைக்கு."

சீட்டு டம்ளரில் விழுந்தது.

"பதிவு பதினாலு. சுண்டெலி. கடப்பாரைக்கு."

ஆரம்பத்தில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு மூன்று தடவை முட்டினான். 'நெட்டை' என்ற பெயர் என்ன செய்தும் வரவில்லை. "எவன்டா இந்தப் பேர வெச்சான்" என்று அவனே கருவியில் திட்டினான், அது மட்டும் ஒரே மூச்சில் தெளிவாக வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான், சத்தமில்லாமல், தோள் குலுங்க. நூறாவது பதிவைத் தாண்டியபோது கருவியை எங்கே வைக்கவேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. நூற்று ஐம்பதில் ஏலக்காரனின் பழைய வேகம் லேசாகத் தலைகாட்டியது.

"நீ ஓநாயா?" என்று நடுவில் கேட்டாள். "இப்பத்தான் நீ வெளிய போயிட்டியே, சொல்லு."

"பன்னெண்டு மணிக்குத் தெரியும். சீட்ட மட்டும் போடு."

நூற்று எண்பத்தெட்டில் நின்றான். திரையை உற்றுப் பார்த்தான். பதிவைப் பிறகு திருத்திய அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடினான். இல்லை.

"பதிவு நூத்தி எம்பத்தெட்டு. சுண்டெலி. வாபஸ்." கொஞ்சம் விட்டு, "வாயாடிக்கு" என்றான்.

அவள் கடப்பாரையின் டம்ளரிலிருந்து சுண்டெலியின் சீட்டை எடுத்து மற்றதில் போட்டாள். இருநூற்றுப் பதினான்கு வந்தது. சாம்பல் நிறப் பெட்டியைப் பார்த்தான். அதைப் படிக்காமல் தாண்டி அடுத்ததற்குப் போனான்.

கடைசிப் பதிவு முடிந்தபோது மணி பதினொன்று நாற்பது. அவள் வாயாடியின் டம்ளரை மேசையில் கவிழ்த்தாள். அவன் ஒவ்வொரு சீட்டாக விரலால் இழுத்து வரிசையில் வைத்து எண்ணினான். ஒண்ணு, ரெண்டு என்று சத்தமாக, ஏழு வரை. அடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டம்ளரைத் தூக்கி உள்ளேயும் பார்த்தான். கடப்பாரைக்கு ஆறு.

எழுந்து நின்றான். நாற்காலியைக் காலால் பின்னால் தள்ளினான். மூட்டைமேல் ஏறி நிற்பவனைப்போல முதுகை நிமிர்த்தி, கருவியைக் கழுத்தில் வைத்தான்.

"வாயாடிக்கு ஏழு. ஒரு தரம். ரெண்டு தரம்."

நிறுத்தினான். அதே இடைவெளிதான். சந்தைக் கூட்டத்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான், கை தூக்குகிறாளா என்று. அவள் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்து, அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் நிரம்பிவிட்டன, அதை இனி மறைக்க முடியாது. கை மட்டும் மேசையை விட்டு எழவில்லை.

"மூணு தரம்" என்றான் தம்பி. உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தான். டம்ளர் இரண்டும் துள்ளிக் கீழே விழுந்து உருண்டன.